குவாரிக்கு வந்த ஆயர் நாற்காலி

1

போன மாதம் நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். என் முழங்கால் எவ்வளவு கெட்டுப்போயிருக்கிறது என்று நேரில் பார்த்து எழுதுவதற்காக வந்தவர்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜெர்மனியின் மேற்கே, ஒரு காலத்தில் நிலக்கரி தோண்டிய நகரம் ஒன்றில் நான் இருக்கிறேன். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. முட்டி தேய்ந்தவர்களுக்குத் தரைத்தளத்தில் வீடு ஒதுக்குகிற நல்ல வழக்கம் இங்கே உண்டு. அதற்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தோடு டாக்டர் கடிதம். டாக்டர் கடிதம் சரிதான் என்று இன்னொரு கடிதம். எல்லாம் போய்ச் சேர்ந்தபின் ஓர் ஆள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

வீட்டுக்கு ஆள் வருகிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா? இரண்டு நாள் வீட்டைத் துடைத்தேன். கைத்தடியை அலமாரியில் குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால் வைத்தேன். உட்கார்ந்து குளிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வைத்திருக்கிறேன். அது பார்க்க நன்றாக இல்லை. பால்கனியில் போட்டு அதன்மேல் ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டேன். அன்று காலை சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, வலி மாத்திரை இரண்டு விழுங்கிவிட்டு வடைக்கு அரைத்தேன். மணி அடித்தால் மேலிருந்தே பொத்தானை அமுக்கிக் கீழ்க்கதவைத் திறக்கலாம். ஆனால் வந்தவரைத் தனியாக ஏறி வரச் சொல்வது மரியாதையா? மூன்று மாடி இறங்கிப் போய்க் கைகுலுக்கி அழைத்து வந்தேன். அவருடைய பை கனமாக இருந்தது. அதையும் நானே வாங்கிக்கொண்டேன்.

நல்ல மனிதர். வடை மூன்று சாப்பிட்டார். படியேறச் சிரமமாக இருக்கிறதா என்று கேட்டார். பழகிவிட்டது என்றேன். எழுதிக்கொண்டார். பத்து நாளில் கடிதம் வந்தது. நடமாட்டத்தில் குறிப்பிடத்தக்க தடை எதுவும் காணப்படவில்லை என்று அதில் இருந்தது. என் உபசரிப்புக்கு நன்றியும் தெரிவித்திருந்தார்கள்.

கடிதத்தை உரக்கப் படித்தவள் என் மகள் ரூத். வயது இருபத்திரண்டு. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அவளுக்கு வாய்த்த ஆசிரியர்கள் எல்லாரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஆகவே செங்கல்பட்டுப் பக்கத்து அப்பனுக்குப் பிறந்து, ஜெர்மனியில் வளர்ந்து, யாழ்ப்பாணத் தமிழில் என்னைத் திட்டுகிறாள்.

"கால் ஏலாது எண்டு ஏனப்பா சொல்லேல்லை?"

"வீட்டுக்கு வந்த மனுஷன்கிட்ட அதையெல்லாம் எப்படிம்மா சொல்றது?"

"அதைக் கேக்கத்தானே அந்தாள் வந்தவர்!"

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் இதே கேள்வியை நான் தொண்ணூற்றொன்றாம் வருஷத்திலேயே சந்தித்திருக்கிறேன். அப்போது மாட்டிக்கொண்டது என் முட்டி அல்ல, சரசு அக்காவின் வாழ்க்கை.

2

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. ஸ்ரீபெரும்புதூரில் ஒரு சின்னத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிளார்க். இன்றைக்குப் பக்கத்து ஒரகடத்தில் கார் கம்பெனியும் லாரி கம்பெனியும் வரிசை கட்டி நிற்கின்றனவே, அன்று அவற்றில் ஒன்றும் கிடையாது. ஒரகடம் என்றால் பஸ் நிற்கும் கூட்டுரோடு, இரண்டு டீக்கடை, ஏரி. அங்கிருந்து வாலாஜாபாத் போகிற பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு வெளியே கல்குவாரி. ஆண்கள் பாறைக்கு வெடி வைப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து சுத்தியலால் கல்லை உடைத்து ஜல்லியாக்குவார்கள். அவர்களுடைய கைக்குழந்தைகள் பக்கத்திலேயே தூசியில் புரளும்.

சரசு அக்கா அந்த வரிசையில் இருந்தவள். எனக்குப் பக்கத்து வீடு. புருஷன் இல்லை. பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் மட்டும். ஒருநாள், பக்கத்தில் உட்கார்ந்து உடைப்பவளின் குழந்தைக்குக் கல் சில்லு தெறித்து ஒரு கண் போய்விட்டது. மறுநாள் காலை அக்கா, குவாரியில் பாழாகக் கிடந்த பழைய மருந்துக் கொட்டகையைப் பெருக்கி, குழந்தைகளையெல்லாம் அங்கே கொண்டுபோய் விட்டாள். வெடிமருந்து வைத்த இடம்தான். குழந்தைகள் வந்தபிறகு அங்கே சத்தம் இன்னும் கூடியது என்று மேஸ்திரி சொல்வார்.

ஆனால் குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது? ஒருத்தி உட்கார்ந்தால் அவள் கூலி போய்விடும். அதற்கு அக்கா ஒரு வழி கண்டாள். முறை வைத்து நாளுக்கு ஒருத்தி கொட்டகையில் இருப்பாள். மற்ற பெண்கள் ஆளுக்கு ஒரு கூடை ஜல்லியை அவள் பெயரில் கொட்டுவார்கள். சாயங்காலம் அளந்து பார்த்தால் அவள் குவியலும் மற்றவர்களுடையதைப் போலவே நிற்கும். குழந்தை பக்கத்தில் இல்லாததால் வேலையும் வேகமாக ஓடும், யாருக்கும் கூலி குறையாது. குவாரி முதலாளியிடம் ஒரு பைசா கேட்கவில்லை. இவ்வளவு எளிதான யோசனை அதற்குமுன் யாருக்கும் ஏன் தோன்றவில்லை என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

பக்கத்துக் குவாரிகள் இரண்டிலிருந்து பெண்கள் வந்து எங்களுக்கும் செய்து கொடு என்றார்கள். அக்கா அரை நாள் அங்கே ஓடினாள். அவளுடைய முறை அல்லாத நாளில் அவளுக்காக யார் கூடை போடுவார்கள்? கூலி பாதியானது. பெண்ணின் பள்ளிக்கூடம் நிற்கும்போல் இருந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் மாதா கோயில் பங்குச் சாமியார் ஓர் ஆங்கில அறிவிப்பை என்னிடம் கொடுத்தார். வறுமையை எதிர்க்கப் புதிதாக ஒரு வழி கண்டவர்களுக்கு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று ஃபெலோஷிப் கொடுக்கிறதாம். சங்கத்துக்கு அல்ல, கட்டடத்துக்கும் அல்ல, ஆளுக்கு. மூன்று வருஷம் மாதாமாதம் ஒரு தொகை. பிழைப்பை விட்டுவிட்டு அந்த வேலையை மட்டும் பார்க்கலாம். அப்படிப்பட்ட ஆளுக்கு சோஷியல் ஆந்த்ரப்ரனர் என்று அதில் பெயர் போட்டிருந்தது. அக்காவுக்கு அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "ஊருக்காவ யாவாரம் பண்றவங்கக்கா" என்றேன்.

"நான் இன்னாடா யாவாரம் பண்றேன்? புள்ளைங்கள வித்துனு கீறேனா?" என்றாள்.

ஆனாலும் விண்ணப்பத்தை நான் நிரப்பினேன், அக்கா கையெழுத்துப் போட்டாள். மூன்று மாதம் கழித்துக் கடிதம் வந்தது. யோசனை பிடித்திருக்கிறது, நேரில் பார்க்க ஓர் அம்மையார் வருகிறார் என்று எழுதியிருந்தார்கள். கிடைத்தால் அக்கா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு மூன்று குவாரியையும் பார்த்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் கொட்டகையை விட்டுவிட்டு முழு நாளும் கல் உடைக்கப் போக வேண்டியதுதான்.

3

அந்த வருஷம் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததை நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் தாலுகா ஊரின் பெயர் உலகத்துப் பத்திரிகைகளில் எல்லாம் வந்துவிட்டது. பிறகு பல மாதம் கேமராவோடு ஆட்கள் வந்துபோனார்கள். வந்தவர்கள் எல்லாரும் எங்களையும் பார்த்து ஒரு 'ஐயோ பாவம்' போட்டுவிட்டுத்தான் கார் ஏறினார்கள். எங்களுக்கு அது அலுத்துப்போயிருந்தது. ஆகவே, வெள்ளைக்காரம்மா ஒருவர் வருகிறார் என்றதும் ஊரே சேர்ந்து ஒரு முடிவு எடுத்தது. இவராவது எங்களை நல்ல கோலத்தில் பார்த்துவிட்டுப் போகட்டும்.

மேஸ்திரி டிராக்டரில் தண்ணீர் கொண்டுவந்து பாதையெல்லாம் தெளித்துத் தூசியை அடக்கினார். அன்று குவாரிக்கு லீவு. அவர் சம்சாரம் தன் இரட்டைவடச் சங்கிலியைக் கழற்றி அக்கா கழுத்தில் போட்டார். யாரோ ஒரு மேசை விசிறியைக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்தார்கள். கொட்டகையில் கரண்ட் கிடையாது. இருந்தாலும் விசிறி இருப்பது ஒரு லட்சணம் அல்லவா? குழந்தைகளுக்குத் தீபாவளிக்கு எடுத்துவைத்த துணியை முன்கூட்டியே போட்டுவிட்டார்கள். பெண்கள் எல்லாரும் முதல்நாளே மருதாணி வைத்துக்கொண்டார்கள். கை காய்ப்பும் வெடிப்பும் தெரியாது என்று அக்காதான் சொல்லியிருந்தாள்.

என் பங்கும் உண்டு. எங்கள் மாதா கோயிலில் ஒரு நாற்காலி இருந்தது. சிவப்பு வெல்வெட், கை வைக்குமிடத்தில் சிங்கத் தலை. உறுதிப்பூசுதல் சடங்குக்கு ஆயர், அதாவது பிஷப், வருகிறபோது மட்டும் அதன் உறையைக் கழற்றுவார்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அதை வாங்கி, டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினேன்.

"அந்தம்மா வந்து தரைல குந்துனா நம்ம மானம் இன்னாத்துக்கு ஆவறது? நல்ல வேலை செஞ்சடா இன்பா" என்று அக்கா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள்.

இதில் என்ன தவறு இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அரிசி தீர்ந்துபோனால்கூட, தீர்ந்துவிட்டது என்று வாயால் சொல்லாத வீடுகள் எங்களுடையவை. வறுமையைப் பார்க்க வருகிறவருக்கு வறுமையைக் காட்ட வேண்டும் என்பது பெரிய படிப்புப் படித்தவர்களுக்குத்தான் விளங்கும்.

4

வந்த அம்மையாரின் பெயர் மார்கரெட். கனடாக்காரர். அறுபது வயதிருக்கும். ரப்பர் செருப்பும், கசங்கிய பருத்தி உடையும், தோளில் ஒரு துணிப்பையுமாக ஜீப்பிலிருந்து இறங்கினார். அன்று அந்தக் கூட்டத்தில் மிக ஏழையாகத் தெரிந்தவர் அவர்தான். எங்கள் பெண்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கொட்டகைக்குள் நுழைந்ததும் குழந்தைகளோடு தரையில் உட்காரப் போனார். நான்கு பெண்கள் பாய்ந்து தூக்கி ஆயர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். சிங்கத் தலைகளைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன்.

கூடை ஜல்லி விஷயத்தை அக்கா சொன்னபோது அவர் கண் விரிந்தது. பேனாவை எடுத்து வேகமாக எழுதினார். "அந்தக் குவியல்களைப் பார்க்கலாமா?" என்று கேட்டார். குவியல்கள் இல்லை. அசிங்கமாக இருக்கும் என்று முதல்நாள் சாயங்காலமே லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"வேலை கடினமா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. ஆண்டவன் புண்ணியத்துல நல்லா கீறோம்" என்றாள் அக்கா.

"அழகான சங்கிலி."

அக்கா ஒரு நொடி தயங்கினாள். சங்கிலிக்குச் சொந்தக்காரர் எதிரிலேயே நின்று, சொல்லு சொல்லு என்று தலையாட்டினார். "எங்கம்மா வூட்ல போட்டதுங்க" என்றாள். நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கோழி பிரியாணி வந்தது. அம்மையார் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டு, சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு அப்போதே புரிந்தது. புரியாததுபோல் இன்னொரு துண்டு கோழியை அவர் இலையில் வைக்கச் சொன்னேன்.

5

ஸ்ரீபெரும்புதூர் வரை நானும் ஜீப்பில் போனேன். பாதி வழியில் அவர் கேட்டார்.

"எனக்கு அந்தப் பெண்ணை மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் இந்தப் பகுதியிலிருந்து ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும். இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். நீங்கள் உண்மையைச் சொல்லுங்கள். இது கிடைக்காவிட்டால் அவர் என்ன ஆவார்?"

யாரும் உடன் இல்லை. சங்கிலிக்காரர் இல்லை, மேஸ்திரி இல்லை. டிரைவருக்கு ஆங்கிலம் தெரியாது. எல்லாம் இரவல் அம்மா, நாற்காலிகூடக் கோயில் நாற்காலி, அந்தப் பெண் நாளை காலை சுத்தியலை எடுக்கவில்லை என்றால் நாளை மறுநாள் அடுப்பு எரியாது என்று சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நாலு வாக்கியம். பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரி மதர்கள் சொல்லிக்கொடுத்த ஆங்கிலம் அதற்குத் தாராளமாகப் போதும்.

"அவர் சமாளித்துக்கொள்வார், மேடம்" என்றேன். "நாங்கள் அவ்வளவு மோசமாக இல்லை."

ஏன் அப்படிச் சொன்னேன்? பல வருஷம் என்னையே கேட்டிருக்கிறேன். சரசு அக்கா ஏழை என்று ஒரு வெளியாளிடம் சொல்வது, அவளைத் தெருவில் நிறுத்திவைத்துக் காட்டுவதுபோல் எனக்குப் பட்டது. அது மட்டும்தான் என்றால் பரவாயில்லை. இஸ்திரி போட்ட சட்டையோடு ஜீப்பில் உட்கார்ந்து ஆங்கிலம் பேசிக்கொண்டிருந்த எனக்கு, நானும் அந்த ஊர்க்காரன்தான் என்ற வெட்கமும் இருந்தது. அக்காவின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று என் மானத்தைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். இதை இப்போதுதான் முதன்முதலாக எழுதுகிறேன்.

6

கடிதம் ஒரு மாதத்தில் வந்தது. பணி பாராட்டத்தக்கது, ஆனால் அந்தச் சமூகம் ஒப்பீட்டளவில் நல்ல நிலையில் இருப்பதாகத் தெரிகிறது, ஆகவே தேவை கூடுதலாக உள்ள வேறொரு பகுதிக்கு வழங்குகிறோம் என்று எழுதியிருந்தது. குவாரிக்குப் போய் அக்காவிடம் படித்துச் சொன்னேன்.

"வேற ஊருக்குக் குடுத்துட்டாங்களாம்க்கா. அங்க நம்மளவிட ரொம்பக் கஷ்டமாம்."

அக்கா சுத்தியலை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு, "அய்ய, பாவம். அவுங்களுக்கே குடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்து வைத்தாள்.

அவள் உண்மையாகவே சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு குவாரிகளை அவள் விட்டுவிட்டாள். எங்கள் ஊர்க் கொட்டகையும் அடுத்த வருஷம் மழைக்காலத்தோடு நின்றது. குழந்தைகள் மறுபடி தூசிக்குப் போயின. நான் ஐந்து வருஷம் கழித்து, எங்கள் தொழிற்சாலைக்கு மெஷின் விற்ற ஜெர்மன்காரர்களிடம் வேலை கிடைத்து இங்கே வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு கிறிஸ்துமசுக்கும் அக்காவுக்கு போன் செய்வேன். எப்படி இருக்கிறாய் என்பேன். நல்லா கீறேன் என்பாள். நீ எப்படி இருக்கே என்பாள். நல்லா இருக்கேன் என்பேன். இருபத்தைந்து வருஷமாக இருவரும் இப்படி நலமாகவே இருந்து வருகிறோம்.

7

ரூத் சும்மா விடவில்லை. மறுபரிசீலனை மனு ஒன்றை அவளே எழுதினாள். என் தந்தைக்குப் பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடியாது, வாரத்தில் நான்கு நாள் வீட்டைவிட்டு இறங்குவதில்லை, பார்வையிட வந்த அன்று வலியை மறைத்தார் என்று பச்சையாக எழுதியிருந்தாள். படிக்கப் படிக்க எனக்குக் காது சூடாகியது. கையெழுத்துப் போட்டேன். போடும்போது அவளிடம் அக்கா கதையைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டரில் எதையோ தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள்:

"அந்த நிறுவனம் இப்பவும் ஃபெலோஷிப் குடுக்குது அப்பா. நீங்கள் அந்தச் சரசு அன்ரியிட்டை உண்மையைச் சொல்ல வேணும்."

கிறிஸ்துமசுக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது. அப்போதே வந்த என் போனைப் பார்த்ததும் அக்கா பயந்துவிட்டாள். "இன்னா இன்பா, யாருக்கு இன்னா ஆச்சி?" என்றாள். அவள் இப்போது மகளோடு வாலாஜாபாத்தில் இருக்கிறாள். மகள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டு, ஜீப்பில் அந்த அம்மையார் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஒப்பித்தேன்.

அந்தப் பக்கம் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. யாரையோ நிறுத்தச் சொன்னாள்.

"அன்னிக்கு நீ சொல்லியிருந்தா, செத்தாலும் உன் மூஞ்சில முழிச்சிருக்க மாட்டேன்" என்றாள்.

"தெரியும்க்கா."

"சொல்லாததால பன்னெண்டு வருசம் ஜல்லி ஒடச்சேன். அதையும் தெரிஞ்சிக்கோ."

இருமினாள். நீண்ட இருமல். அது நிற்கும்வரை போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாயெடுத்தபோது அவளே கேட்டாள்.

"அந்த ஆபீசு இன்னும் கீதா?"

"இருக்குக்கா. இப்பவும் குடுக்கறாங்களாம்."

"இங்க புதுசு புதுசா கம்பெனி கட்டினே கீறாங்க. எல்லாம் வடக்கத்திப் பொம்பளைங்க, செங்கல் தூக்குதுங்க. புள்ளைங்க கம்பி மேலயும் சிமெண்ட் மேலயும் ஆடினு கெடக்குதுங்க. பாத்துனு எப்டி இருக்கறது? ஒரு ஷெட்டு புடிச்சி, பதினஞ்சி புள்ளைங்கள வெச்சினு கீறேன். பழைய மாதிரிதான், அதுங்களுக்குள்ளயே மொறை வெச்சி உட்டுட்டேன். பாஷைதான் ஒரு எழவும் புரியல. எம் பொண்ணு சம்பளத்துல எத்தினி நாளைக்கு ஓட்றது? நீ எழுதிப் போடு."

"என்னன்னு எழுதட்டும்க்கா?"

"ஏழைன்னு எழுது. மாருல தூசி அடைச்சினு கீது, பொண்ணு சோத்துல குந்தினு கீறா, கையில நாலு காசு இல்லன்னு எழுது. ஒண்ணு உடாத எழுது." கொஞ்சம் நிறுத்தினாள். "இப்ப உனுக்கு இன்னா? அங்கியே கீற. என் மூஞ்சில முழிக்கத் தேவையில்லியே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் சிரிக்க முடியவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன்.